கழிக்கரையில் ஒரு காம்பரா

எங்கள் வீட்டில் அறை கிடையாது, காம்பரா உண்டு. முன் காம்பரா, பின் காம்பரா. திண்ணைக்குப் பேர் இஸ்தோப்பு. எங்கள் ஊர் கடப்பாக்கத்தில் வேறெந்த வீட்டிலும் இந்தச் சொற்கள் இல்லை என்பது எனக்கு ஆறு வயதில்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "உங்க காம்பராவுல விளையாடலாமா?" என்று கேட்டேன். அவள் உள்ளே ஓடி, "ம்மா, இவ இன்னாமோ கேக்குறாம்மா" என்றாள். அவள் அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அது சிலோன் பாஷைடி" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் கேட்டேன், நாம சிலோனா என்று. அப்பாயி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு மல்லாட்டை, அவளுக்குக் கச்சான். "நாம இந்தியாக்காரவங்க" என்றாள். இரண்டு கை உரித்த பிறகு, "அங்க அப்படிச் சொல்லித்தான் அனுப்புனாங்க" என்றாள்.

அப்பாயி என்று கூப்பிடுவதும் இந்த ஊர் வழக்கமில்லை. இங்கே எல்லோருக்கும் ஆயாதான். தாத்தாவின் வம்சம் செய்யூர்ப் பக்கத்து வம்சம். ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் திருச்சிக்காரர்களும் புதுக்கோட்டைக்காரர்களும் சேலத்துக்காரர்களும் லயம் என்ற ஒரே வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராவில் மூன்று நான்கு தலைமுறை இருந்ததில், யார் சொல் யார் வாய்க்குப் போயிற்று என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. செங்கல்பட்டுச் சீமையிலிருந்து ஆயாவைக் கொண்டுபோனவர்கள் அப்பாயியைக் கொண்டுவந்தார்கள்.

இப்போது இதையெல்லாம் நினைக்கக் காரணம் கல்லூரிதான். செங்கல்பட்டில் இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். குடும்ப வரலாறு பத்துப் பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். மற்றவர்கள் குலதெய்வத்திலிருந்து தொடங்கினார்கள். நான் போனில் பதிவை ஓடவிட்டு அப்பாயியின் பக்கத்தில் வைத்தேன். அவள் எதையும் வரிசையாகச் சொல்லவில்லை. கல்யாணத்தைச் சொன்னவள் கப்பலுக்குத் தாவினாள், அங்கிருந்து அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு வைப்பது எப்படி என்பதற்குப் போனாள். பதிவில் பாதி நேரம் அவள் தேத்தண்ணி ஆற்றும் சத்தம்.

தேத்தண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் தூள் வாங்கினால் அப்பாயி பொட்டலத்தை அப்படியே டப்பாவில் கொட்ட மாட்டாள். உள்ளங்கையில் கொஞ்சம் போட்டுத் தேய்த்து முகர்வாள். பெரும்பாலும், "குப்பை" என்பாள். நல்ல தூள் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். "நாங்க எங்க குடிச்சோம்? அதெல்லாம் பெட்டியில போயிரும். வாசம்தான் தெரியும்" என்றாள். தொழிற்சாலைப் பக்கமாக நடந்துபோகும்போது மூக்கில் ஏறிய வாசம். அதை வைத்துத்தான் ஐம்பது வருடமாகக் கடப்பாக்கத்துக் கடைத் தூளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாள். பால் ஊற்ற மாட்டாள். சீனியைக் கலக்கவும் மாட்டாள். உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பாள். சின்ன வயதில் நானும் அப்படிக் குடித்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

வகுப்பில் சிறுபாணாற்றுப்படை நடந்த நாள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. இடைக்கழிநாடு எங்கள் பேரூராட்சியின் பெயர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி, இடையில் மணலும் தென்னையும் சவுக்கும். ஈ.சி.ஆரில் புதுச்சேரி பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் கடந்துவிடும் அந்த நிலத்திலிருந்து ஒரு சங்கப் புலவர். 269 அடி. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கிய பாணன், எதிரே பசியோடு வரும் பாணனுக்கு வழி சொல்கிறான்: எயிற்பட்டினம் போ, அங்கே இன்னது கிடைக்கும், வேலூர் போ, ஆமூர் போ, அப்புறம் கிடங்கில். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் அப்பாயியிடம் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "கங்காணி மாதிரி பேசியிருக்கான்" என்றாள்.

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் அது தப்பில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியும் எதிரே வந்தவன்தான். கோட்டும் தலைப்பாகையுமாக ஊருக்குத் திரும்பி, பசித்துக் கிடந்தவர்களிடம் வழி சொன்னவன். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள் என்பது இலங்கை மலையகத்தில் எல்லாக் குடும்பமும் சொல்லும் கதை. பாணன் வழியைச் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவான். கங்காணி கூடவே வந்தான்; கொடுத்த முன்பணத்தைக் கணக்கில் எழுதிக்கொண்டான், அது அடைபடவே இல்லை.

போனவர் தாத்தாவின் தாத்தா. எப்போது போனார்? "பஞ்சத்துல" என்கிறாள் அப்பாயி. எந்தப் பஞ்சம் என்றால் தாது வருஷம் என்கிறாள். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 78 வரை. தாத்தா பிறந்தது 1950 வாக்கில். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், பொருந்தவில்லை. தாத்தாவின் தாத்தா 1910ஐ ஒட்டிப் போயிருந்தால்தான் கணக்கு வரும். ஒருவேளை அவருடைய அப்பா பார்த்த பஞ்சமாக இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் எல்லாப் பஞ்சமும் ஒரே பஞ்சமாகிவிட்டது. வரலாற்று ஆசிரியருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்போது காப்பி முடிந்து தேயிலை வந்திருந்தது. 1869இல் இலையில் துருநோய் விழுந்து இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்கின; அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1867இல், லூல்கந்துரை என்ற தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார். காப்பிக்குப் போனவர்கள் பழம் பறிக்கும் காலத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்கள், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து; வழியில் பலர் காலராவில் செத்தார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து வரும். அதனால் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். கழுத்தில் தகரத் துண்டு கட்டிக் கூட்டிப்போனார்கள் என்று அப்பாயியின் மாமியார் சொல்வாராம். அந்தத் தகரத்தில் ஆளின் பெயர் இருக்காது, போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் எண் இருக்கும்.

சின்ன வயதில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் கோட்டைக்கு ஓடுவோம். ஆலம்பரைக் கோட்டையை ஊரில் யாரும் முழுப் பெயர் சொல்ல மாட்டார்கள், கோட்டை என்றால் போதும். அங்கே ஒரு காலத்தில் நாணயச் சாலை இருந்தது. மழை மண்ணை அரித்தால் காசு வெளியே வரும் என்று நம்பிக்கை. எனக்குக் கிடைத்ததெல்லாம் சிப்பி, ஓட்டாஞ்சில்லு, ஒருமுறை ஒரு ஐம்பது பைசா. இடிந்த செங்கல் மதில் மேல் ஏறி நின்றால் கழி, அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கப்பால் கடல் தெரியும். அப்பாயி எங்களைத் தேடிக்கொண்டு வருவாள். மதிலுக்குப் பக்கத்தில் வர மாட்டாள், சவுக்கு மரத்தடியிலேயே நின்று கத்துவாள்.

ஒரு நாள், "இதுவும் தொரை கட்டுனதா?" என்று கேட்டாள். பள்ளியில் படித்ததைச் சொன்னேன். முகலாயர் காலத்துக் கோட்டை, 1750இல் பிரெஞ்சுக்கார டூப்ளே கைக்குப் போனது, 1760இல் இங்கிலீஷ்காரன் பிடித்து இடித்துவிட்டான். அவள் மதிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இங்க இடிச்சிட்டு அங்க வந்து லயம் கட்டியிருக்கான்" என்றாள்.

லயத்தில் ஒரு காம்பரா என்பது ஒரு குடும்பம். அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிரசவம். கல்யாணம் ஆனவர்களுக்கு நடுவில் ஒரு சேலை. விடிவதற்கு முன்பு பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும், அங்கே பேர் கூப்பிட்டு இன்றைக்கு எந்த மலை என்று பிரிப்பார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கம்பளி, நெற்றிக்கு மேல் கயிறு, முதுகில் கூடை. கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப்போக வேண்டும். அப்பாயியின் தலையில் உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் உண்டு. சின்ன வயதில் அதில் எண்ணெய் ஊற்றி விளையாடுவேன், எண்ணெய் வழியாமல் நிற்கும். எல்லாப் பாட்டிகளுக்கும் அப்படி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். அவள் அதைத்தான் முதலில் சொன்னாள், நான்தான் தள்ளிக்கொண்டே போகிறேன்.

1948இல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அதே வருடம் குடியுரிமைச் சட்டமும் வந்தது. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்றாகிவிட்டார்கள். பதினாறு வருடம் அப்படியே. 1964 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் அதையும் ஆளுக்குப் பாதி, 75,000 வீதம், பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் இங்கே என்றால் நான்கு பேர் அங்கே என்பது விகிதம். எந்த ஏழு, எந்த நான்கு என்பதை ஒவ்வொரு காம்பராவும் உட்கார்ந்து முடிவு செய்தது. அந்த மக்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் எழுதிய ஒப்பந்தம் அது. அதை இரு நாட்டு நட்பு என்று பாடப்புத்தகம் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்பாயியின் அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். தாத்தா வீட்டார் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். இரண்டு லயம் தள்ளியிருந்த இரண்டு வீடுகள். கல்யாணம் நடந்தபோது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம், "அந்த பாஸ்போட்டு எங்க வரப்போகுது" என்று. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் இந்தியாவுக்குக் கிளம்பச் சொல்லிக் கண்டியிலிருந்து கடிதாசி வந்தது. பெண்டாட்டி புருஷன் பக்கம்தானே. அப்பா, அம்மா, தங்கச்சி அங்கே. அவள் இங்கே.

1975, தை மாதம். அட்டன் ஸ்டேஷன். ரயிலுக்கு அவள் சொல்வது கோச்சி. இந்தியாவுக்கு ஆள் ஏற்றிப்போன கோச்சிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். ஏறியவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். கோச்சி நகர்ந்தபோது தங்கச்சி பிளாட்பாரத்தில் கூடவே ஓடிவந்தாளாம். இந்த இடத்தில் பதிவில் வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு, "ஒரு செருப்பு கழண்டுருச்சு அவளுக்கு" என்று குரல் வருகிறது.

தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல். அதற்கு முன் அவள் கடலைப் பார்த்ததில்லை. கப்பலில் ஏறியதும் கண்ணை மூடியவள் ராமேஸ்வரத்தில்தான் திறந்தாளாம். அங்கிருந்து மண்டபம் முகாம். வரிசையில் நின்று குடும்ப அட்டையைக் காட்டினார்கள். அந்த வரிசையில் நின்றபோது மாமியார் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாராம், "இதே எடந்தான்." மாமியார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குக் கூட்டிவந்திருக்கிறார். திரும்பிப் போகும்போது இலங்கை அரசு அதே மண்டபத்தில் வைத்திருந்த முகாமில் நாள் கணக்கில் அடைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றியிருக்கிறார்கள். நோய் கொண்டுபோய்விடக் கூடாது என்று போகும்போது ஒரு முகாம். வரும்போதும் அதே முகாம். மாமியார், "அந்த வேப்பமரம் இருக்குதா பாரு" என்று பேரன் வயதுப் பையன்களை அனுப்பித் தேடச் சொன்னாராம். மரம் இருந்ததா என்று நான் கேட்டதற்கு அப்பாயி பதில் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

செய்யூர்ப் பக்கத்து ஊருக்கு வந்தார்கள். கையில் பழைய கடிதம் ஒன்று, அதில் ஒரு பெயர், ஒரு தெரு. அந்தப் பெயர்க்காரர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவருடைய மகன்கள் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். மூன்றாம் நாள் இரவு உள்ளே பேசிக்கொண்டது வெளியே கேட்டது: "பங்கு கேட்டுகினு வந்திருக்காங்க போல." ஒருவேளை நம்மிடம் யாராவது பெட்டியோடு வந்து நான் உன் சித்தப்பன் பேத்தி என்று நின்றால் நாமும் அதைத்தான் பேசியிருப்போம். பதினோராம் நாள் கிளம்பிவிட்டார்கள். தொழில் கடன் என்று அரசாங்கம் கொடுத்ததில் ஒரு பகுதியைத் தரகன் ஒருவன் விழுங்கினான், மீதியில் வாங்கிய இரண்டு மாடும் செத்துப்போயின. கடைசியாகக் கடப்பாக்கத்தில் கழிக்கரையோரம் ஒரு குடிசை.

கொழுந்து பறித்த கை சவுக்கங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியது. மல்லாட்டைக் கொல்லைக்குப் போனது. மரக்காணம் உப்பளத்துக்கும் ஒரு வருடம் போனது. உப்பு காலைத் தின்றதும் நின்றுவிட்டாள். இங்கே வந்த புதிதில் அவளைத் திகைக்கவைத்தது வெயிலோ உப்போ இல்லையாம், தரை தட்டையாக இருந்ததாம். "எங்கிட்டுப் பாத்தாலும் ஒண்ணுந் தெரியல. மேட்டுல நின்னாத்தானே கீழ தெரியும்." தாத்தாவுக்கு ஊர் சீக்கிரம் பிடித்துப்போயிற்று. நண்டு பிடிக்கப் போவார், குப்பத்துக்காரர்களோடு சீட்டாடுவார். அப்பா 1978இல் இங்கே பிறந்தார், இங்கத்துத் தமிழ் பேசுகிறார், தேயிலைச் செடியைப் பார்த்தது ஊட்டிக்குச் சுற்றுலா போனபோதுதான். அங்கே போய் ஒரு தளிரைக் கிள்ளி மடித்துக் கொண்டுவந்து அப்பாயியிடம் கொடுத்தார். அவள் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்தல்" என்று போட்டுவிட்டாள்.

2004 டிசம்பர் 26. எனக்கு எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமைக் காலை. அப்பாயி என்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கழி பொங்கி வருகிறது என்று யாரோ கத்தினார்கள். ஈரத்துணியோடு என்னைத் தூக்கிக்கொண்டு மேற்கே ரோட்டைப் பார்த்து ஓடினாள். இடுப்பளவுத் தண்ணீர் பின்னாலேயே வந்து சவுக்குத் தோப்பில் நின்றது. கோட்டையின் மதிலிலும் ஒரு பகுதி அன்றைக்குத்தான் சரிந்தது. அப்பாயி சொல்வாள், "மலைன்னா ஏறியிருப்பேன். இங்க ஏற எடமே இல்லையேடி."

வீட்டில் டிரங்குப் பெட்டி மிதந்தது. குடும்ப அட்டை அதற்குள்தான் இருந்தது. ராமானுஜம் கப்பலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் வந்த தாள். எழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்து, முத்திரையின் வட்டம் மட்டும் மிச்சம். மைசூர் பாகு டப்பாவில் இன்னும் இருக்கிறது. வகுப்பில் காட்டலாம் என்று கேட்டேன், தரவில்லை.

தங்கச்சியின் கடிதங்கள் 1983 வரை வந்தன. அந்த வருடம் ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வரவில்லை. அடுத்த வருடம் கப்பலும் நின்றுபோனது. அப்பாயி இரண்டு கடிதம் போட்டிருக்கிறாள், பிறகு விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று நான் நினைத்தேன். 2023இல் மலையகத் தமிழர் போய் இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, அந்தக் காலத்தில் நடந்த வழியிலேயே, நடைபயணம் போனார்கள். அந்த வீடியோவை போனில் காட்டினேன். கூட்டத்தில் கிழவிகள் வரும்போதெல்லாம், "நிறுத்து, நிறுத்து" என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "போடு" என்றாள். அடுத்த கிழவி வந்ததும் மறுபடி, "நிறுத்து."

அதே வருடம் அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். செய்தியை அவளிடம் வாசித்துக் காட்டினேன். பாஸ்போர்ட் எடுக்கலாமா அப்பாயி, நானும் வர்றேன் என்றேன். "அது யாழ்ப்பாணம்டி. அங்க போயி நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வடிகட்டப் போனாள்.

பதிவை நிறுத்தவில்லை, மறந்துவிட்டேன். நேற்று இரவு பத்தாம் பக்கம் எழுத உட்கார்ந்து கடைசித் துண்டைக் கேட்டபோதுதான் அது இருப்பது தெரிந்தது. டம்ளர் வைக்கும் சத்தம். பிறகு அவள் குரல், என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லை, தனக்குச் சொல்கிற மாதிரியும் இல்லை: "அட்டன்ல எறங்கணும். எறங்கி பொகவந்தலாவ பஸ்ஸு. டிக்கோயா தாண்டுனா காசல்ரீ தண்ணி தெரியும். நோர்வூட்டு. அப்புறம் கோயில் முக்குல நிறுத்தச் சொல்லணும், தானா நிறுத்த மாட்டான். பாலம் தாண்டி மேல ஏறுனா பிரட்டுக்களம். அதுக்கு மேல மூணாவது லயம். நாலாவது காம்பரா."